நிரந்தர இயக்கப் பொறி

நிரந்தர இயக்கப் பொறி என்பது வெளியிலிருந்து எவ்வித ஆற்றலையும் பெறாமல் முடிவின்றி இயங்குவதாகவோ, தான் பெறும் ஆற்றலைவிடக் கூடுதலான ஆற்றலைத் தருவதாகவோ கருதப்படும் கற்பனைக் கருவியாகும். இத்தகைய கருவி ஆற்றல் அழிவின்மை விதிக்கும் வெப்ப இயக்கவியலின் விதிகளுக்கும் முரணானது. ஆகவே இதனை உருவாக்க இயலாது என்பது இயற்பியலின் முடிவாகும். ஆற்றல் அழிவின்மை விதி இலங்கைப் பாடநூல்களில் சக்திக் காப்பு விதி எனப்படுகிறது.

ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்பொறியை உருவாக்கும் முயற்சிகள் தொடர்ந்து வந்துள்ளன. அண்மைக் காலத்தில் இவை "இலவச ஆற்றல் கருவி", "காந்த மோட்டார்", "நீரில் ஓடும் எந்திரம்", "வெற்றிட ஆற்றல் மின்னியற்றி" முதலிய பெயர்களில் முன்வைக்கப்படுகின்றன. துறை சாராத ஆர்வலர்களிடையே இவை குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

இத்தேடலின் விளைவுகள் இருவகைப்பட்டவை. ஒருபுறம் இதில் பலர் பொருளையும் வாழ்நாளையும் இழந்தனர்; ஒரு செயல்விளக்கத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது. மறுபுறம், "நிரந்தர இயக்கம் இயலாது" என்னும் முடிவே இயற்பியலின் பல அடிப்படை விதிகளைக் கண்டறிய உதவிய கருவியாயிற்று.

வகைகள்

நிரந்தர இயக்கப் பொறிகள் எந்த விதியை மீறுகின்றன என்பதைப் பொறுத்துப் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

முதலாம் வகை: ஆற்றல் எதையும் பெறாமல் வேலை செய்யும் பொறி. இது ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்னும் வெப்ப இயக்கவியலின் முதலாம் விதியை மீறுகிறது. தானே சுழலும் சக்கரங்களும் காந்த மோட்டார்களும் இவ்வகையைச் சார்ந்தவை.

இரண்டாம் வகை: ஒரே வெப்பநிலையில் உள்ள ஓர் இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்து, அதை முழுவதும் வேலையாக மாற்றும் பொறி. கடல்நீரின் வெப்பத்தை மட்டும் உறிஞ்சி ஓடும் கப்பல் இதற்கு எடுத்துக்காட்டு. இதில் ஆற்றல் புதிதாக ஆக்கப்படுவதில்லை. எனவே முதலாம் விதி மீறப்படுவதில்லை. ஆனால் இது இரண்டாம் விதிக்கு முரணானது.

மூன்றாம் வகை: உராய்வு முதலிய இழப்புகள் முற்றிலும் இல்லாததால், வேலை எதுவும் செய்யாமல் ஓயாது இயங்கும் பொறி. இழப்புகளை மிகக் குறைக்க இயலுமே தவிர, பொறியொன்றில் முழுமையாக நீக்க இயலாது.

வரலாறு

தொடக்ககால வடிவமைப்புகள்

தானே சுழலும் சக்கரத்தைப் பற்றிய மிகப் பழைய விவரணைகள் இந்திய வானியல் நூல்களில் காணப்படுகின்றன. 7ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரும், 12ஆம் நூற்றாண்டில் சித்தாந்த சிரோமணி என்னும் நூலில் இரண்டாம் பாஸ்கரரும், உள்ளீடற்ற ஆரங்களில் பாதரசம் நிரப்பப்பட்ட சக்கரங்களை விவரித்துள்ளனர். சக்கரம் சுழலும்போது பாதரசம் ஒருபக்கம் வெளிவிளிம்பை நோக்கியும் மறுபக்கம் மையத்தை நோக்கியும் பாயும். இதனால் ஒருபக்கம் எப்போதும் கனமாக இருந்து சுழற்சி தொடரும் என்பது இதன் கருத்து. இக்கருத்து அரபு உலகின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது என வரலாற்றாளர் லின் வைட் கருதினார்.

13ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த வில்லார் த ஒனெகூர் என்பவர், விளிம்பில் சம்மட்டிகள் தொங்கும் சக்கரம் ஒன்றைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். லியொனார்டோ டா வின்சி இத்தகைய சக்கரங்கள் பலவற்றை வரைந்து ஆராய்ந்தபின், அவை இயங்கா என்னும் முடிவுக்கு வந்தார். நிரந்தர இயக்கத்தைத் தேடுவோரை இரும்பைப் பொன்னாக்க முயலும் இரசவாதிகளுடன் ஒப்பிட்டார். 1618இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் ஃபிளட் என்பவரின் நூலில், விழும் நீரால் சுழலும் சக்கரமே அந்நீரை மீண்டும் மேலேற்றும் ஆலை ஒன்று இடம்பெற்றது.

பெஸ்லரின் சக்கரம்

இத்துறையில் பெரிதும் பேசப்படுவது செருமனியரான யொகான் பெஸ்லர் என்பவரின் சக்கரமாகும். ஒர்ஃபிரேயுஸ் என்னும் புனைபெயரில் அறியப்பட்ட இவர், 1712 முதல் தானே சுழலும் சக்கரங்களைக் காட்சிக்கு வைத்தார். எசே-காசெல் பகுதியின் ஆட்சியாளரான கார்ல் இவரை ஆதரித்தார். 1717 நவம்பர் 12 அன்று அவருடைய கோட்டையின் அறை ஒன்றில், ஏறத்தாழ 3.7 மீட்டர் விட்டமுடைய சக்கரம் சுழலவிடப்பட்டு, அறை பூட்டி முத்திரையிடப்பட்டது. 1718 சனவரி 4 அன்று அறை திறக்கப்பட்டபோதும் அது சுழன்றுகொண்டிருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

சக்கரத்தின் உட்பகுதி துணியால் மூடப்பட்டிருந்தது. பெரும் தொகை கொடுத்தாலன்றி அதைக் காட்டப் பெஸ்லர் மறுத்தார். 1721இல் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் கிராவெசாண்டே அதன் அச்சையும் தாங்கிகளையும் ஆராய்ந்து, வெளியிலிருந்து இயக்கும் அமைப்பு எதையும் காணவில்லை என நியூட்டனுக்கு எழுதினார். பணம் தராமல் இரகசியத்தை அறிய முயல்வதாக ஐயுற்ற பெஸ்லர், சக்கரத்தை உடைத்துவிட்டார். 1727இல் அவருடைய பணிப்பெண், பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் மறைவாகக் கையால் சுழற்றியதாக வாக்குமூலம் அளித்தார். பெஸ்லர் 1745இல் தாம் கட்டிவந்த காற்றாலை ஒன்றிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய சக்கரத்தை மீட்டுருவாக்க முயல்வோர் இன்றும் உள்ளனர்.

பாரிஸ் கழகத்தின் முடிவு

1775இல் பாரிஸ் அரச அறிவியல் கழகம், நிரந்தர இயக்கம் தொடர்பான முன்மொழிவுகளை இனி ஆராய்வதில்லை என முடிவு செய்தது. இம்முடிவுக்கு அறிவியல் காரணத்துடன் சமூகக் காரணம் ஒன்றும் இருந்தது. இத்தேடல் பெருஞ்செலவு பிடிப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை அழித்துள்ளது, பயனுள்ள பணி ஆற்றியிருக்கக்கூடிய கைவினைஞர்களின் பொருளையும் காலத்தையும் விழுங்கியுள்ளது என்று கழகம் சுட்டிக்காட்டியது.

19ஆம் நூற்றாண்டின் காட்சிகள்

1812இல் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லசு ரெட்டெஃபர் என்பவர் ஒரு பொறியைக் கட்டணம் பெற்றுக் காட்டிவந்தார். இப்பொறி மற்றொரு எந்திரத்தைப் பற்சக்கரங்கள் வழியாக இயக்குவதாகக் கூறப்பட்டது. ஆனால் பற்சக்கரங்களின் தேய்மானம் எதிர்ப்பக்கத்தில் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அதாவது, அந்த எந்திரமே இப்பொறியைச் சுழற்றியது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவர் நடத்திய காட்சியைப் பார்வையிட்ட நீராவிக் கப்பல் பொறியாளர் இராபர்ட் ஃபுல்டன், சுழற்சியின் வேகம் சீராக இல்லாததைக் கவனித்தார். பொறியைச் சுவருடன் இணைத்த பலகைகளை அகற்றியபோது நரம்புக் கயிறு ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து சென்றபோது, மேல்மாடியில் முதியவர் ஒருவர் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

அதே பிலடெல்பியாவில் 1870களில் சான் கீலி என்பவர், நீரிலிருந்து "ஈதர் விசை"யைப் பெறுவதாகக் கூறி நிறுவனம் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலீட்டாளர்களிடம் பணம் பெற்றும் விற்பனைக்குரிய பொறி எதையும் அவர் தரவில்லை. 1898இல் அவர் இறந்தபின் அவருடைய ஆய்வகத்தை ஆராய்ந்தோர், தரைக்கு அடியில் பெரிய எஃகுக் கோளம் ஒன்றையும் மறைவான குழாய்களையும் கண்டனர். அழுத்தப்பட்ட காற்றே "ஈதர் விசை" என முடிவு செய்தனர்.

இம்முயற்சிகள் அனைத்தும் ஏமாற்று வேலைகள் எனக் கருதுதல் தவறாகும். 1881இல் சான் காம்கி என்பவர் வாசிங்டனில் முன்வைத்த அமோனியாப் பொறி நேர்மையான பிழைக்கு எடுத்துக்காட்டு. அமோனியா சுழியத்துக்குக் கீழ் 33 பாகை செல்சியசில் கொதிப்பதால், சுற்றுப்புற வெப்பமே அதை ஆவியாக்கி உந்துதண்டை இயக்கும் என அவர் வாதிட்டார். ஆனால் வேலை செய்த ஆவியை மீண்டும் நீர்மமாக்க, சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த இடம் ஒன்று தேவை. அந்த இடத்தைக் குளிர்நிலையிலேயே வைத்திருப்பதற்கு, பொறி தரும் வேலைக்குக் குறையாத வேலை செலவாகும்.

சக்கரம் நிற்பதன் காரணம்

சமனற்ற எடைச் சக்கரங்களில் ஒருபக்கத்து எடைகள் மையத்திலிருந்து தொலைவில் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அதே காரணத்தால் அப்பக்கத்தில் எடைகளின் எண்ணிக்கை குறைகிறது. எடுத்துக்காட்டாக, சம எடையுள்ள 3 குண்டுகள் ஒருபக்கம் சராசரியாக 40 செ.மீ. தொலைவிலும், 4 குண்டுகள் மறுபக்கம் சராசரியாக 30 செ.மீ. தொலைவிலும் இருந்தால், இருபக்கத் திருப்புத்திறன்களும் சமமாகும். சக்கரம் இத்தகைய சமநிலையை அடைந்து நிற்கும்.

இதனை ஆற்றல் கணக்கின் வழியாகவும் அறியலாம். 1 கி.கி. எடை 10 மீட்டர் கீழிறங்கும்போது ஏறத்தாழ 98 யூல் ஆற்றலைத் தருகிறது. அதை மீண்டும் மேலேற்ற, எந்தப் பாதையில் சென்றாலும், அதே 98 யூல் தேவை. முழுச் சுற்று முடிந்தபின் ஒவ்வொரு எடையும் தொடங்கிய இடத்திற்கே திரும்புவதால் ஈர்ப்பு விசை செய்த மொத்த வேலை சுழியாகும். உராய்வும் காற்றுத் தடையும் எடுத்துக்கொள்ளும் ஆற்றலை ஈடுசெய்ய எதுவும் எஞ்சுவதில்லை.

நிலைக்காந்தங்களுக்கும் இதுவே பொருந்தும். ஒரு காந்தம் இரும்புக் குண்டை இழுக்கும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. குண்டைப் பிரித்தெடுக்கும்போது அதே அளவு ஆற்றலைத் திருப்பிச் செலுத்த வேண்டும். 17ஆம் நூற்றாண்டிலேயே சான் வில்கின்சு என்னும் ஆங்கில ஆயர், காந்தத்தால் சாய்தளத்தின் மேல் இழுக்கப்படும் குண்டு துளை வழியாக விழுந்து மீண்டும் ஏறும் அமைப்பை ஆராய்ந்தார். குண்டை மேலே இழுக்கும் வலிமையுள்ள காந்தம், அதைத் துளையில் விழவும் விடாது.

இயலாமையிலிருந்து பிறந்த விதிகள்

1586இல் பிளெமிய அறிஞர் சைமன் ஸ்டெவின், ஒரு சாய்தளத்தின் நீளம் மற்றதைப்போல் இருமடங்காக உள்ள முக்கோணத்தின் மீது 14 குண்டுகள் கொண்ட சங்கிலியைத் தொங்கவிட்டதாகக் கற்பனை செய்தார். நீண்ட பக்கத்தில் 4 குண்டுகளும் குறுகிய பக்கத்தில் 2 குண்டுகளும் இருக்கும். 4 குண்டுகள் 2 குண்டுகளை இழுத்துவிடுமானால், சங்கிலி ஓயாமல் சுழல வேண்டும். அவ்வாறு நிகழாது என்பதால், நீண்ட தளத்தின் 4 குண்டுகளும் குறுகிய தளத்தின் 2 குண்டுகளும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. இவ்வாறு சாய்தள விதியை அவர் பெற்றார். 1824இல் சாடி கார்னோ, வெப்ப எந்திரங்களின் திறனுக்கு மேல்வரம்பு உண்டு என்பதை நிறுவவும் இதே வாதமுறையைப் பயன்படுத்தினார்.

ஆற்றல் அழிவின்மை விதியைக் கண்டறிந்தோருள் சிலர் கல்வித்துறைக்கு வெளியே இருந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. யூலியஸ் மாயர் ஒரு மருத்துவர். ஜேம்சு யூல் மான்செஸ்டர் அருகே மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்து, அத்தொழிலில் ஈடுபட்டவர். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட மின்காந்த மோட்டார்கள் ஏறத்தாழ எல்லையற்ற திறனைத் தரும் என இளமையில் யூலும் நம்பினார். ஆனால் அவர் அளந்து பார்த்தார். மின்கலத்தில் கரையும் ஒரு இறாத்தல் துத்தநாகம் செய்யும் வேலை, சிறந்த நீராவிப் பொறியில் எரியும் ஒரு இறாத்தல் நிலக்கரி செய்யும் வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எனக் கண்டார். அந்த ஏமாற்றமே அவரை வெப்பத்திற்கும் வேலைக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் பணிக்கு இட்டுச்சென்றது. இன்று ஆற்றலின் அலகு அவர் பெயரால் வழங்குகிறது.

1847இல் எர்மன் எல்ம்கோல்ட்சு, இல்லாததிலிருந்து வேலையைத் தொடர்ந்து பெற இயலாது என்பதைத் தொடக்கமாகக் கொண்டு இவ்விதியைப் பொதுவடிவில் எழுதினார். இயற்கை விதிகள் காலத்துக்குக் காலம் மாறாதிருப்பதன் விளைவே ஆற்றல் அழிவின்மை என்பதை 1918இல் எம்மி நோய்தர் கணிதமுறையில் நிறுவினார்.

20, 21ஆம் நூற்றாண்டுகள்

பாப் எந்திரம்: 1968இல் கலிபோர்னியாவில் யோசப் பாப் என்பவர் எரிபொருளின்றி ஓடும் எந்திரம் ஒன்றின் செயல்விளக்கத்தை நடத்தினார். பார்வையாளராகச் சென்ற இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன், அளவிகளுக்கு மட்டுமே எனக் கூறப்பட்ட மின்கம்பியே எந்திரத்தை இயக்குவதாக ஐயுற்று அதைப் பிடுங்கினார். சிறிது நேரத்தில் எந்திரம் வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் காயமுற்றனர். பாப் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது.

நியூமன் எந்திரம்: அமெரிக்கரான யோசப் நியூமன், பெரும் கம்பிச்சுருளும் சுழலும் காந்தமும் கொண்ட கருவிக்குக் காப்புரிமை கோரினார். விண்ணப்பம் மறுக்கப்பட்டதால் வழக்குத் தொடுத்தார். நீதிமன்ற ஆணைப்படி 1986இல் அமெரிக்கத் தேசிய தரநிர்ணயப் பணியகம் கருவியைச் சோதித்தது. சோதிக்கப்பட்ட எல்லா நிலைகளிலும் வெளியீட்டுத் திறன் உள்ளீட்டுத் திறனைவிடக் குறைவாகவே இருந்தது.

நீர் எரிபொருள் கலம்: ஸ்டான்லி மேயர் என்பவர், நீரைக் குறைந்த ஆற்றலில் பிரித்து எரிபொருளாக்கும் கலம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகக் கூறினார். முதலீட்டாளர் இருவர் தொடுத்த வழக்கில் 1996இல் ஒகையோ மாநில நீதிமன்றம் இதனை மோசடி எனத் தீர்ப்பளித்து, 25,000 டாலரைத் திருப்பித்தர ஆணையிட்டது. கருவியில் நிகழ்வது வழக்கமான மின்னாற்பகுப்பே என வல்லுநர்கள் சாட்சியமளித்தனர். 18 கிராம் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 286 கிலோயூல். அவை மீண்டும் எரிந்து நீராகும்போது கிடைப்பதும் அதே அளவுதான். நீர் எரிபொருளன்று, எரிந்து முடிந்த ஐதரசனே நீராகும்.

ஸ்டேயோர்ன்: 2006இல் டப்ளின் நகர நிறுவனமான ஸ்டேயோர்ன், காந்தங்களிலிருந்து இலவச ஆற்றலைப் பெற்றுள்ளதாக எக்கனாமிஸ்ட் இதழில் விளம்பரம் வெளியிட்டு, அறிஞர்கள் சோதித்துப் பார்க்குமாறு அழைத்தது. 2007இல் இலண்டனில் அறிவிக்கப்பட்ட செயல்விளக்கம் கைவிடப்பட்டது. விளக்குகளின் வெப்பம் காரணமாகக் கூறப்பட்டது. நிறுவனமே அமைத்த அறிஞர் குழு, ஆற்றல் உற்பத்தி மெய்ப்பிக்கப்படவில்லை என 2009இல் ஒருமனதாக அறிவித்தது. 2016இல் நிறுவனம் மூடப்பட்டது.

எல்லைநிலைக் கோட்பாடுகள்

எல்லா மாற்று ஆற்றல் கூற்றுகளும் நிரந்தர இயக்கம் சார்ந்தவை அல்ல. 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைசுமன், ஸ்டான்லி பான்சு ஆகியோர் அறிவித்த குளிர் இணைவு, அணுக்கரு இணைவைத் தன் ஆற்றல் மூலமாகக் குறிப்பிட்டது. ஆகவே அது ஆற்றல் அழிவின்மை விதிக்கு முரணானதன்று. ஆனால் கூறப்பட்ட வெப்பத்திற்கு ஏற்ற அளவில் நியூத்திரன்கள் வெளிப்படவில்லை. பிற ஆய்வகங்களால் அம்முடிவை நம்பத்தகுந்த வகையில் மீண்டும் பெற இயலவில்லை. கூகுள் நிறுவன நிதியுடன் பல ஆய்வகங்கள் மேற்கொண்ட மறு ஆய்வு 2019இல் நேச்சர் இதழில் வெளியானது. அதிலும் சான்று கிடைக்கவில்லை.

வெற்றிட ஆற்றல் என்பது குவாண்டம் இயற்பியலில் உண்மையான கருத்தாகும். 1948இல் என்றிக் கசிமிர் கணித்த விளைவு 1997இல் துல்லியமாக அளக்கப்பட்டது. ஆனால் இது ஒரு தொகுதியின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையைக் குறிக்கிறது. அதற்குக் கீழே வேறு நிலை இல்லாததால், சுற்றுமுறையில் அதிலிருந்து ஆற்றலைத் தொடர்ந்து பெற வழியில்லை. கசிமிர் தட்டுகள் நெருங்கும்போது கிடைக்கும் ஆற்றல், அவற்றை விலக்கும்போது திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்.

மூடிய உலோகக் கலத்தினுள் நுண்ணலைகளைச் செலுத்தி உந்துவிசை பெறுவதாகக் கூறப்பட்ட "எம் டிரைவ்" கருவி உந்தம் அழிவின்மை விதிக்கு முரணானது. 2016இல் நாசா ஆய்வுக்குழு ஒன்று சிறு உந்துவிசையை அளந்ததாக வெளியிட்டது. 2021இல் திரெசுடன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, இவ்விசை வெப்பத்தால் கருவியின் பகுதிகள் விரிவடைவதால் தோன்றும் போலி அளவீடு எனக் காட்டியது.

வாதங்களும் மறுமொழிகளும்

"முன்பும் அறிவியலாளர் தவறியுள்ளனர்": இது உண்மை. விண்ணிலிருந்து கற்கள் விழுவதை 18ஆம் நூற்றாண்டு அறிஞர் பலர் மறுத்தனர். ஆனால் 1803இல் பிரான்சின் லேக்ல் ஊரில் விழுந்த கற்களைப் பற்றி பியோ மேற்கொண்ட ஆய்வுக்குப் பின் கருத்து மாறியது. கண்டப் பெயர்ச்சியும் கடலடி அளவீடுகளின் பின்னர் 1960களில் ஏற்கப்பட்டது. இவற்றில் மாற்றத்தைக் கொணர்ந்தது எவரும் சரிபார்க்கக்கூடிய சான்றாகும். நிரந்தர இயக்கப் பொறி எதற்கும் அத்தகைய சான்று கிடைத்ததில்லை.

"விதியை எவரும் ஐயுற்றுச் சோதித்ததில்லை": இது சரியன்று. 1903இல் ரேடியம் இடைவிடாது வெப்பம் தருவதைப் பியர் கியூரியும் லபோர்டும் அளந்தபோது இவ்விதி ஐயத்துக்குள்ளானது. அணுவினுள் உள்ள ஆற்றலே அதன் மூலம் எனப் பின்னர் தெரிந்தது. பீட்டாச் சிதைவில் ஆற்றலின் ஒருபகுதி காணாமற்போனதால், விதி சராசரியாக மட்டுமே பொருந்தக்கூடும் என நீல்ஸ் போர் கருதினார். 1930இல் வுல்ஃப்காங் பவுலி, கண்ணுக்குப் புலப்படாத துகள் ஒன்று அவ்வாற்றலைக் கொண்டுசெல்வதாக முன்மொழிந்தார். அந்த நியூத்திரினோ 1956இல் கண்டறியப்பட்டது. கணக்கில் குறைந்த ஆற்றல் புதிய துகளைக் காட்டிக்கொடுத்தது.

"எண்ணெய் நிறுவனங்கள் மறைக்கின்றன": வணிக நிறுவனங்கள் தம் நலனைக் காக்க முயல்வது இயல்பே. ஆனால் தன்னைத்தானே இயக்கும் சிறு கருவியைச் செய்து காட்டப் பெருமுதல் தேவையில்லை. மறைப்பதற்கு இயலாதவாறு பல நாடுகளில் பலர் அதைச் செய்திருக்க முடியும்.

"வெப்ப ஏற்றி 300% திறன் தருகிறது": 1 அலகு மின்னாற்றலில் 3 அலகு வெப்பத்தைத் தரும் வெப்ப ஏற்றிகள் நடைமுறையில் உள்ளன. எஞ்சிய 2 அலகு வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ பெறப்படுவதால் விதி மீறப்படவில்லை.

பொதுவான அளவீட்டுப் பிழைகள்

நேர்மையான ஆர்வலர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் அளவீடே ஆகும். பரவலாகக் காணப்படும் பிழைகள் பின்வருமாறு:

திறன் காரணியை விடுத்தல்: மாறுதிசை மின்னோட்டத்தில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மட்டும் திறன் கிடைக்காது. 230 வோல்ட், 2 ஆம்பியர் காட்டும் சுருளில் திறன் காரணி 0.3 எனில் உண்மைத் திறன் 460 வாட் அன்று. 138 வாட் ஆகும்.

துடிப்பு மின்னோட்டம்: கூரிய துடிப்புகளாகப் பாயும் மின்னோட்டத்தைச் சாதாரணப் பன்னோக்கு அளவிகள் பிழையாகக் காட்டும்.

திறனையும் ஆற்றலையும் குழப்புதல்: 5 யூல் ஆற்றலைச் சேமித்த மின்தேக்கி, அதை ஆயிரத்தில் ஒரு நொடியில் வெளிவிட்டால் அந்நேரத்தில் திறன் 5000 வாட் ஆகும். ஆற்றல் அதே 5 யூல்தான்.

மின்கலத்தின் மீட்சி: சுமை நீக்கப்பட்ட மின்கலத்தின் மின்னழுத்தம் சற்று உயரும். இது மின்கலம் மின்னேற்றம் பெற்றதாகத் தவறாகக் கொள்ளப்படுகிறது.

மோட்டாரையும் மின்னியற்றியையும் சக்கரத்தால் இணைத்து ஒன்றையொன்று இயக்கச் செய்யும் அமைப்பும் பரவலாக முன்வைக்கப்படுகிறது. இரண்டின் பயனுறுதிறனும் தலா 85% எனில், 1000 வாட் செலுத்தும்போது ஏறத்தாழ 722 வாட் மட்டுமே திரும்பக் கிடைக்கும். கனமான பறசக்கரம் ஆற்றலைச் சேமித்து வைக்குமே தவிரக் கூட்டாது.

சோதிக்கும் முறை

கூற்றொன்றை மதிப்பிட, அதன் கோட்பாட்டைப் புரிந்துகொள்வது கட்டாயமன்று. கருவியின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுடன் இணைத்து, மின்கலங்களையும் வெளிக்கம்பிகளையும் அகற்றி ஓடவிடுவதே எளிய சோதனையாகும். பெறுவதைவிடக் கூடுதலாகத் தரும் கருவி தன்னைத்தானே இயக்க வல்லதாதல் வேண்டும்.

இதற்கு எவ்வளவு நேரம் தேவை என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று ஏறத்தாழ 480 வாட்-மணி ஆற்றலைக் கொண்டது. இது 5 வாட் விளக்கை 4 நாட்கள் எரியச் செய்யும். எனவே மின்கலம் உள்ள கருவி ஒரு நாள் ஓடியது எனக் காட்டுவது எதையும் மெய்ப்பிக்காது. உள்ளே சேமித்திருக்கக்கூடிய ஆற்றல் முழுவதும் தீர்ந்த பின்னரும் ஓட வேண்டும். தாங்களே செய்த மற்றொரு கருவியில் தொடர்பற்ற பிறர் அதே முடிவைப் பெறுவதும் இன்றியமையாதது.

காப்புரிமை

ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பொதுவாக மாதிரிக் கருவிகளைக் கேட்பதில்லை. நிரந்தர இயக்கப் பொறிகள் இதற்கு விதிவிலக்கு. ஐக்கிய இராச்சியத்திலும் இயற்பியல் விதிகளுக்கு முரணான கருவிகள் தொழிற்பயன்பாடு அற்றவை எனக் கருதப்பட்டு மறுக்கப்படுகின்றன. ஆயினும், வேறு பெயர்களில் விவரிக்கப்பட்ட சில கருவிகள் காப்புரிமை பெற்றுள்ளன. 1979இல் ஓவர்டு சான்சன் என்பவருக்கு நிலைக்காந்த மோட்டாருக்காகவும், 2002இல் வேறு சிலருக்கு நகரும் உறுப்புகளற்ற மின்காந்த மின்னியற்றிக்காகவும் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமை என்பது உரிமையைப் பதிவு செய்யும் ஆவணமேயன்றி, கருவி இயங்குகிறது என்பதற்குச் சான்றன்று.

தோற்றத்தில் ஒத்த கருவிகள்

சில கருவிகள் நிரந்தர இயக்கப் பொறிகளைப் போலத் தோன்றினாலும் வெளியிலிருந்தோ சேமிப்பிலிருந்தோ ஆற்றல் பெறுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் சேம்சு காக்சு செய்த கடிகாரம் வளிமண்டல அழுத்த மாற்றத்தால் முடுக்கப்பட்டது. அட்மோசு கடிகாரம் அறையின் வெப்பநிலை மாற்றத்தால் இயங்குகிறது. 1 பாகை செல்சியசு மாற்றம் ஏறத்தாழ 2 நாட்களுக்குப் போதுமானது. நீர் அருந்தும் பொம்மைப் பறவை, அதன் தலையிலுள்ள நீர் ஆவியாவதால் ஏற்படும் வெப்பநிலை வேறுபாட்டால் ஆடுகிறது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் 1840 முதல் ஒலித்துவரும் மின்மணி, உலர் மின்கல அடுக்குகளால் இயங்குகிறது. அவை தீரும்போது அதுவும் நிற்கும்.

கோள்களின் இயக்கமும் மீக்கடத்தியில் பாயும் மின்னோட்டமும் மிக நீண்ட காலம் தொடர்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து ஆற்றலை எடுத்தால் இயக்கம் குறையும். கடல் ஓதங்களால் புவியின் சுழற்சி மெதுவாகக் குறைந்து வருவதும், அதனால் நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. விலகிச் செல்வதும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.